திறவாத மண்டபம்

பெய்ஜிங் நகரின் நடுவே அமைந்த தியனன்மென் சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில், நெடிய தூண்கள் தாங்கும் பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. மக்கள் மாமண்டபம் என்பது அதன் பெயர். சீனாவின் சட்டமன்றமாகிய தேசிய மக்கள் பேராயம் கூடுமிடம் அதுவே. 1989ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இரவும் 4ஆம் நாள் விடியலிலும் அந்நகரத்து வீதிகளில் மாண்டவர்களுக்காக வேற்று நாட்டுச் சட்டமன்றங்கள் பல எழுந்து நின்றிருக்கின்றன, தீர்மானங்கள் இயற்றியிருக்கின்றன. சதுக்கத்தை நோக்கி வாயில் வைத்துக் கட்டிய இந்த மண்டபத்தில் மட்டும் அவர்களுக்காக ஓர் இரங்கற் சொல்லும் எழுந்ததில்லை. அயலார் செய்யும் நினைவுகூரலின் மதிப்பை அளக்க விரும்புவோர் முதலில் இந்த மௌனத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

சீர்திருத்தத்தில் நாட்டமுடையவரென்று மாணவர்கள் போற்றிய ஹூ யாவ்பாங் 1989 ஏப்ரல் 15இல் காலமானார். ஏப்ரல் 22இல் அவருடைய இறுதி மரியாதை அந்த மண்டபத்தினுள்ளே நடந்தபோது, வெளியே பல்லாயிரம் மாணவர்கள் திரண்டிருந்தனர். அவர்களுள் மூவர் மண்டபத்துப் படிகளில் ஏறி, கோரிக்கை மனுவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தவாறு மண்டியிட்டனர். பிரதமர் லீ பெங் வந்து பெற்றுக்கொள்ளுவார் என்று காத்திருந்தனர். அவர் வரவில்லை. அரசரிடம் குடிகள் முறையிடும் பழைய வழக்கத்தை அந்த இளைஞர்கள் கையாண்டனர். பழைய அரசர்களேனும் சில வேளைகளில் மனுவை வாங்கியதுண்டு.

மே 13இல் உண்ணாவிரதம் தொடங்கிற்று. ஐந்தாம் நாள் கழிந்து, மே 18இல், அதே மண்டபத்தினுள் பிரதமர் மாணவத் தலைவர்களைச் சந்தித்தார். மருத்துவமனை உடையுடனேயே வந்து அமர்ந்து, பிரதமரின் பேச்சை இடைமறித்துப் பேசிய இளைஞர் ஒருவரை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. சீனர் அவரை வூர் கைசி என்று அழைப்பர். அவருடைய தாய்மொழிப் பெயரோ உர்கேஷ் தவ்லத். ஆம், அவர் உய்குர் இனத்தவர்; பெயரின் பிற்பகுதி நம் காதுக்குப் பழகிய அரபுச் சொல்லேயாகும். பின்னாளில் நாடு நீங்கித் தைவானில் குடியேறி, அங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவிற்குச் செயலாளராகவும் பணியாற்றினார். தாய்நாட்டு மண்டபத்தில் முடியாததை அயல் மன்றத்தில் தொடர்ந்தார் என்றே நாம் கொள்ளலாம்.

மே 20இல் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. வெளியுலகம் அதிகம் பேசாத ஒரு நிகழ்ச்சி இதன்பின் நடந்தது. ‘மக்கள் நாளேட்டின்’ ஆசிரியராயிருந்து, அப்போது பேராயத்தின் நிலைக்குழுவில் உறுப்பினராயிருந்த ஹூ ஜிவேய் என்பவர், நிலைக்குழுவை அவசரமாகக் கூட்டவேண்டுமென்று சக உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டத் தொடங்கினார். சட்டப்படி இயங்கும் ஓர் அவை, சட்டப்படியே கூடி, படை வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கட்டும் என்பதே அவர் நோக்கம். அக்கூட்டத்தைக் கூட்டவேண்டிய தலைவர் வான் லீ அப்போது வட அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவர் திரும்பிய விமானம் பெய்ஜிங்கில் இறங்கவில்லை, ஷாங்காயில் இறங்கியது. சில நாட்களில் அங்கிருந்தே ராணுவச் சட்டத்தை ஆதரித்து அவர் பெயரில் அறிக்கை வெளிவந்தது. அவை கூடவில்லை. கையொப்பம் திரட்டியவர் அடுத்த ஆண்டு பதவியிழந்தார். அந்த ஒரு கூட்டம் கூடியிருந்தால் முடிவு வேறாயிருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கிக்கு முன் பேச்சுக்கு இருந்த கடைசி வாயில் அதுதான்.

அதற்குப் பின் நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. படைகள் மேற்கிலிருந்து சாங்கான் பெருஞ்சாலை வழியே வந்தன. உயிரிழந்தவர்களில் மிகுதியானோர் சதுக்கத்திலன்று, முசிதி முதலிய வழித்தெருக்களிலேயே வீழ்ந்தனர். அவர்களில் மாணவரல்லாத சாதாரண நகரவாசிகள் ஏராளம். அரசு இருநூறு, முந்நூறு என்ற அளவிலே கணக்கை நிறுத்திக்கொண்டது. பிறர் மதிப்பீடுகள் பல நூறிலிருந்து ஆயிரங்கள் வரை செல்லுகின்றன.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்களைத் திருப்பியனுப்பாது காக்கும் மசோதா 1989இலேயே நிறைவேறியது. ஜனாதிபதி புஷ் அதை ஏற்க மறுத்தார். 1990 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை 390க்கு 25 என்ற வாக்கில் அவருடைய மறுப்பைத் தள்ளியது. செனட்டிலோ 62க்கு 37. மூன்றில் இரு பங்குக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. அந்த மாணவர்களுக்கு நிலையான வாழ்வுரிமை தந்த சட்டம் 1992இல்தான் வந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனால் பயன்பெற்றனர். நினைவுகூரல் சட்டமாகி, சிலருடைய வாழ்வைக் காத்த நேரம் அது. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை.

1991 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் மூவர், நான்சி பெலோசி உட்பட, தியனன்மென் சதுக்கத்திற்கே சென்று, சீனாவில் ஜனநாயகத்திற்காக உயிர்நீத்தோருக்கு என்னும் பொருள்பட எழுதிய சிறு துணியை விரித்துக் காட்டினர். காவலர் துரத்தினர். உறுப்பினர்கள் ஊர் திரும்பினர். அது துணிவுதான், ஆயினும் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தவர்களின் துணிவு.

இதே நாட்டின் வணிகப் பேரேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். குருதி உலருமுன்னரே, 1989 ஜூலையில், ஜனாதிபதியின் தூதர் ரகசியமாகப் பெய்ஜிங் சென்றுவந்தார். சீனாவுக்கு அளிக்கும் வணிகச் சலுகையை மனித உரிமையோடு பிணைத்து 1993இல் ஆணையிட்ட ஜனாதிபதி கிளின்டனே அடுத்த ஆண்டு அந்தப் பிணைப்பை அவிழ்த்தார். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சலுகை நிலையானதாக்கப்பட்டபோது பிரதிநிதிகள் சபையின் வாக்கு 237க்கு 197. கொடுமையின் இருபதாம் ஆண்டை நினைவுகூரும் தீர்மானம் 2009இல் அதே சபைக்கு வந்தபோதோ எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. செலவில்லாத தீர்மானத்திற்கு ஒற்றுமை எளிதில் வாய்க்கிறது. வணிகம் வந்ததும் அவை இரண்டாகப் பிளக்கிறது.

செலவு மிக்க நினைவுகூரல் எதுவென்றால், அது ஹாங்காங்கில் நடந்தது. அங்கே சட்டமன்றத்திலிருந்த ஆசிரியர் செட்டோ வா, வழக்கறிஞர் மார்ட்டின் லீ முதலியோர் 1989லேயே பெய்ஜிங்கின் சினத்துக்கு ஆளாயினர். 1990 முதல் 2019 வரை ஆண்டுதோறும் ஜூன் 4 இரவில் விக்டோரியா பூங்காவில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன. நகரம் 1997இல் சீனாவின் ஆட்சிக்கு மாறிய பின்னும், அந்நாளை மறவாதிருக்கக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டது; மீண்டும் மீண்டும் தோற்றது. பொது வாக்காளர் அனுப்பிய உறுப்பினர், தொழில் வணிகத் தொகுதிகளின் உறுப்பினர் ஆகிய இரு பிரிவிலும் தனித்தனியே பெரும்பான்மை பெற வேண்டுமென்ற விதி அங்கிருந்தது. தோற்குமென்று தெரிந்தே கொண்டுவந்தார்கள். அவை நடவடிக்கைக் குறிப்பில் மறைந்தவர்களின் செய்தி ஏறுமல்லவா!

அந்த வாய்ப்பும் அடைபட்டது. 2020இல் பெருந்தொற்றைக் காட்டிப் பூங்கா நிகழ்ச்சி தடைசெய்யப்பட்டது. அந்த ஜூன் 4ஆம் நாளன்றே, சீன நாட்டுப்பண்ணை அவமதிப்போரைத் தண்டிக்கும் சட்டத்தை ஹாங்காங் சட்டமன்றம் நிறைவேற்றியது. அம்மாதம் 30இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நவம்பரில் ஜனநாயக அணியினர் கூட்டாக விலகினர். 1989இல் ஹாங்காங் மக்கள் திரட்டிய நிதியோடு பெய்ஜிங் சென்று அங்கே பிடித்துவைக்கப்பட்டு மீண்டவர் லீ சுக் யான். பின்பு நெடுங்காலம் சட்டமன்ற உறுப்பினராய் இருந்தவர். 2020இல் தடையை மீறிப் பூங்காவுக்குச் சென்றோருடன் நின்றதற்காக, 2021 டிசம்பரில் அவருக்கு 14 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பெய்ஜிங்கில் டிங் ஸிலின் என்னும் பேராசிரியை தம் பதினேழு வயது மகனை அந்த இரவில் பறிகொடுத்தார். அவரும் அவரைப்போன்ற தாய்மாரும் வீடுவீடாகத் தேடி, இறந்தோர் இருநூறு பேருக்கு மேல் பெயரும் விவரமும் தொகுத்தனர். உண்மையை வெளியிடுக, இழப்பீடு தருக, பொறுப்பானவரை விசாரணைக்கு உட்படுத்துக என்பவையே அவர்கள் கேட்டவை. அக்கடிதங்களை அவர்கள் அயல்நாட்டுச் சட்டமன்றம் எதற்கும் எழுதவில்லை. சதுக்கத்தின் மேற்கே நிற்கும் அந்த மண்டபத்திற்கே, தங்கள் நாட்டுப் பேராயத்திற்கே, ஆண்டுதோறும் எழுதினார்கள். மகனையோ கணவனையோ இழந்த அந்த எழுத்தாளர்களில் பலர் பதிலுக்குக் காத்திருந்தே கண்மூடிவிட்டனர்.