நடுநிலைப் பள்ளி அறிவியல் – ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ‘அறிவியல்’ என்ற ஒற்றைப் பெயரில் நடத்தப்படும் பாடம். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கும் இதில் அடக்கம். சுற்றுச்சூழல், கணினி ஆகியவை பின்னாளில் வந்து சேர்ந்தன. மேல்நிலை வகுப்புகளில் தனித்தனியே பிரியும் துறைகளுக்கு அடித்தளம் என்றே பாடத்திட்டங்கள் இதைக் கருதி வந்திருக்கின்றன. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்மாவட்டக் குழந்தைகள் பலருக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு, அல்லது அதற்கும் முன்பே, நின்றுபோனது. அவர்கள் கற்ற முதலும் கடைசியுமான அறிவியல் இதுதான். இப்பாடத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டே எடைபோட வேண்டும். மலையும் கண்மாயும் நூற்பாலையும் தீப்பெட்டித் தொழிலும் அருகருகே அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் அந்த எடைபோடலுக்குப் பொருத்தமான களம்.

தொடக்கம்

மேலைநாட்டு அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சியில் யாழ்ப்பாணம் முன்னே நின்றது. 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியில் வானியலும் இயற்கை அறிவியலும் பாடங்களாக இருந்தன. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு உடலியல், அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார்.

சென்னை மாகாணத்தில் 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறியது. மிஷன் பள்ளிகள், ஊராட்சி அமைப்புகள் நடத்திய பள்ளிகள், சமூகத்தார் மகமை திரட்டி நடத்திய பள்ளிகள் என மூவகையும் இந்தப் பகுதியில் இருந்தன. விருதுநகரில் 1885இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை மூன்றாம் வகைக்குச் சான்று. பள்ளிக்கு வெளியே வாசிக்க விரும்பியவர்களுக்கு 1875இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்த பென்னிங்டன் நூலகம் வாய்த்தது. இன்றுவரை இயங்கிவரும் அந்த நூலகம் தமிழகத்தின் பழைய பொது நூலகங்களுள் ஒன்று.

அக்காலத் தொடக்க வகுப்புகளில் இன்றைய பொருளில் அறிவியல் பாடம் இல்லை. ஓர் இலையையோ, ஒரு துண்டுச் சுண்ணாம்பையோ காட்டிப் பேசவைக்கும் பொருட்பாடமும், பின்னர் இயற்கைப் பாடமும், சுகாதாரமும்தான் இருந்தன. கருவி எதுவும் வேண்டாத இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது: குழந்தை முதலில் பொருளைப் பார்த்தது, பிறகுதான் அதைப் பற்றிப் படித்தது. அறிவியல் தனிப்பாடமாக வளர்ந்தபோது இந்த வரிசை தலைகீழானது பெரிய இழப்பு.

நடுநிலை வகுப்புகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்கள் முதல் பாரம் (6ஆம் வகுப்பு) முதல் மூன்றாம் பாரம் (8ஆம் வகுப்பு) வரை படித்து மேலே போனார்கள். ஹையர் எலிமெண்டரி பள்ளியில் படித்தவர்கள் எட்டாவது முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினார்கள், பெரும்பாலோருக்குப் பள்ளி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

சொற்களும் பயிற்றுமொழியும்

தமிழ்வழியில் அறிவியல் நடத்தக் கலைச்சொற்கள் வேண்டியிருந்தன. 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் இதற்கென ஒரு சங்கம் அமைத்து இதழ் நடத்தினர். தாவரங்களின் இனப்பெருக்கத்தையும் வேதியியலையும் எளிய தமிழில் விளக்கும் ‘தாவரங்களின் இல்லறம்’, ‘திண்ணை ரசாயனம்’ ஆகிய நூல்களையும் இராசாசி எழுதினார். 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கிய பெ.நா. அப்புஸ்வாமி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்தப் பணியை விடவில்லை. திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுப்பை வெளியிட்டது. 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாகத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்குக் கைகொடுத்தவை இத்தகைய முயற்சிகளே. 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராயிருந்த தி.சு. அவினாசிலிங்கம் பயிற்றுமொழி மாற்றத்தை உறுதிப்படுத்தினார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளியிட்டது.

ஒன்றா, பலவா?

‘பொது அறிவியல்’ என்ற ஒருங்கிணைந்த பாடம் இந்தியப் பள்ளிகளுக்குள் வந்ததில் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்குப் பங்கு உண்டு. 1937 வார்தா மாநாட்டுக்குப் பின் சாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் தாவரம், விலங்கு, உடலியல், சுகாதாரம், வேதியியல், வானம் எல்லாம் ஒரே பாடத்தின் கூறுகள். கைத்தொழிலைச் சுற்றியே கல்வி அமைய வேண்டும் என்ற அந்தக் கொள்கை பருத்தி ஊரான ராஜபாளையத்துக்கு இயல்பாகப் பொருந்துவது. அந்த ஊரைச் சேர்ந்த காந்தியவாதி பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஆனால் ஆதாரக் கல்வி தமிழகத்தில் பெரும்பாலான பள்ளிகளைத் தொடவில்லை. கைத்தொழில் உதிர்ந்து, பொது அறிவியல் என்ற பாடம் மட்டும் தங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953இல் பொது அறிவியலை அனைவருக்குமான பாடமாகப் பரிந்துரைத்தது. 1956இல் சிம்லா அருகே தாராதேவியில் நடந்த அகில இந்தியக் கருத்தரங்கும் அதையே வலியுறுத்தியது. கோத்தாரி குழு 1966இல் மாறுபட்டது. பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் அறிவியல் கட்டாயம் என்ற குழு, பொது அறிவியல் முறை பாடத்தை வடிவமற்றதாக ஆக்கிவிட்டது என்றும், துறைவாரியாகக் கற்பிப்பதே பயன்தரும் என்றும் கூறியது. 1975இல் தேசியக் கலைத்திட்டம் மீண்டும் ஒருங்கிணைப்புக்குத் திரும்பியது.

இந்த ஊசலாட்டத்தின் தழும்பு இன்றைய தமிழகப் பாடநூலிலும் தெரிகிறது. புத்தகம் ஒன்று, அலகுகளோ துறை வரிசையில் நிற்கின்றன. விசையும் வெப்பமும் முன்னால், அணுவும் அமிலமும் நடுவில், தாவரமும் விலங்கும் பின்னால். ஆண்டுக் கடைசியில் நேரம் போதாமல் அவசரமாக முடிக்கப்படும் அபாயம் எப்போதும் பின்னால் நிற்கும் பாடங்களுக்கே.

பாடநூலும் பரிசோதனையும்

காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் தொடங்கின. ஊர்மக்கள் மேசை, கரும்பலகை, கடிகாரத்தோடு அறிவியல் கருவிகளும் வாங்கித் தந்தார்கள். அறுபதுகளின் இறுதியிலிருந்து யுனிசெஃப் உதவியுடன் நாட்டின் பல மாநிலங்களில் கருவிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பல பீரோவிலேயே பூட்டிக் கிடந்தன. ஒரு சோதனைக்குழாய் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நிலையில் எந்த ஆசிரியர் துணிந்து எடுப்பார்? குறை ஆசிரியரிடம் இல்லை. கருவியை நுகர்பொருளாகப் பார்க்காமல் சொத்தாகப் பார்த்த நிர்வாகத்தில் இருந்தது.

1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தையும் சென்னைக் குழந்தையும் ஒரே விலையில் ஒரே புத்தகம் பெற்றது பெரிய சமத்துவம். அதே புத்தகம் அனைவருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டியிருந்ததால் எந்த ஊரும் அதில் இல்லாமல் போனது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் தொடங்கிய அறிவியல் திட்டம், குழந்தைகள் தாங்களே செய்து கண்டறிவதைப் பாடமாகவும், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதைத் தேர்வாகவும் ஆக்கியது. தமிழகம் அந்த வழியில் போகவில்லை. இங்கே அப்பணியைப் பள்ளிக்கு வெளியிலிருந்து செய்தது 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987இல் அது தொடங்கிய ‘துளிர்’ இதழ் பல ஊர்களில் துளிர் இல்லங்களுக்கு வழிவகுத்தது.

2007ஐ ஒட்டி நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. மாணவர் பாடத்தைத் தாமே வாசித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, வகுப்பில் எடுத்துரைக்க வேண்டும். வாய்திறக்கத் தயங்கிய பிள்ளைகளைப் பேசவைத்தது இதன் சாதனை. ஆனால் மனவரைபடமும் புத்தகத்திலிருந்தே பிறக்கிறது. அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவப்பாவதைக் கண்ணால் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகக் கிடந்ததை 2010ஆம் ஆண்டுச் சட்டம் சமச்சீர்க் கல்வியாக ஒன்றாக்கியது. முதலில் 1, 6ஆம் வகுப்புகளில் வந்தது. ஆட்சி மாற்றத்துக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டபோது பள்ளிகள் வாரக்கணக்கில் புத்தகமின்றி நடந்தன. உச்ச நீதிமன்றம் 9.8.2011 அன்று தீர்ப்பளித்த பிறகே புத்தகம் கைக்கு வந்தது. 2012இல் முப்பருவ முறை வந்தது. 2018 முதல் வண்ணப் படங்களும் க்யூஆர் குறியீடுகளும் கொண்ட புதிய நூல்கள் வெளிவந்தன. ஆறாம் வகுப்பு அளவீடுகளில் தொடங்கி விசை, பருப்பொருள், செல், காந்தம், நீர் என விரிகிறது. எட்டாம் வகுப்பில் ஒலி, அண்டம், நுண்ணுயிரிகள், வளரிளம் பருவம், பயிர் மேலாண்மை, உயிரினப் பாதுகாப்பு வரை போகிறது.

வட்டாரச் சான்றுகள்

இந்த அலகுகளில் பலவற்றுக்கு இவ்வட்டாரத்தில் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவப் பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. செடியிலிருந்து எடுத்த கச்சாப் பஞ்சை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மருந்துக்கடைப் பஞ்சைப் போட்டால் சில விநாடிகளில் நனைந்து மூழ்கும். 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தரநூல்கள் வைக்கும் அளவு. இழையின் மேல் இயற்கையாக இருக்கும் மெழுகைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து நீக்குவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இரண்டு தம்ளரும் இரண்டு கைப்பிடிப் பஞ்சும் இருந்தால், காரங்களின் வேலை என்ன என்ற கேள்வி குழந்தையின் வாயிலிருந்தே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். அது ஆவியாகப் போவது இயற்பியல் மாற்றம். கடைசியில் நிறம் மாறி மணம் எழும்போது நடப்பது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரியும் வேதியியல் மாற்றம். ஆறாம் வகுப்பின் ‘நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்’ முழுவதும் ஒரே வாணலியில் இருக்கிறது.

அளவீட்டுப் பாடத்துக்கு 192 அடி என்று சொல்லப்படும் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் போதும். தரையில் செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர்க் குச்சியின் நிழல் சரியாக ஒரு மீட்டராகும் நேரத்தில் கோபுர நிழலை அளந்தால் உயரம் கிடைக்கும். கோபுரம் அடியில் அகன்றிருப்பதால் நிழல் விழும் திசையில் அடியின் அகலம் எவ்வளவோ அதில் பாதியைச் சேர்க்க வேண்டும். இதை மறந்த குழுவுக்கும் சேர்த்த குழுவுக்கும் விடை மாறும்போது நடக்கும் வாக்குவாதமே நல்ல அறிவியல் வகுப்பு. இவ்வூர் ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகலில் அந்தக் குச்சிக்கு நிழலே இராது. சித்திரையில் பெரும்பாலும் தேர்வு அல்லது விடுமுறை. ஆகஸ்ட் நாளே வகுப்புக்கு வசதி.

உயிரினப் பாதுகாப்பு அலகுக்கு மேற்கே மலை இருக்கிறது. செண்பகத்தோப்பை உள்ளடக்கிய சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இந்த அணில் மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் கூடு கட்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் வழி அறுந்துவிடும் என்பதை மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. வேதியியலுக்கு அருகிலேயே சிவகாசித் தீப்பெட்டி இருக்கிறது. அதன் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் குச்சிமுனையில் பொட்டாசியம் குளோரேட்டும் இருப்பதை, அந்தத் தொழிலில் வேலைக்குப் போன எத்தனையோ சிறுவர் சிறுமியர் பாடமாகக் கற்றதே இல்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையை எட்டாம் வகுப்புவரை பள்ளியில் வைத்தன.

இன்றைய நிலை

28.11.2022 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றத் திட்டம், 13,210 அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களிடம் எளிய பொருள்களால் செய்யும் சோதனைகளைக் கொண்டுபோகிறது. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று ஆசிரியரோடு சேர்ந்து செய்துகாட்டுகிறார்கள். உடைந்தாலும் பதில் சொல்லத் தேவையில்லாத பொருள்களைக் கொண்டு சோதனை செய்வது, முந்தைய கருவிப்பெட்டிகளின் அனுபவத்துக்குப் பொருத்தமான மாற்றம்.

எட்டாம் வகுப்பில் எதிர்த்திசையில் இழுக்கும் விசையும் உண்டு. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் வென்றவர்களுக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. அதன் படிப்பறிவுத் தாளின் 90 வினாக்களில் 35 அறிவியல். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. கூலிவேலை செய்யும் பெற்றோருக்கு மாதம் 1,000 ரூபாய் சிறிய தொகை இல்லை. அதற்காகச் சிறப்பு வகுப்பு வைத்துப் பயிற்சி தரும் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் மூன்று வகுப்புக்கும் சேர்த்து அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவரே இருக்கிறார். பஞ்சை நீரில் போட்டுக் காட்டுவதற்கும் வினாவங்கியை முடிப்பதற்கும் அவரிடம் இருப்பது ஒரே பாடவேளை.