வாசலில் மரம் நடுவது யார் கடமை?

புதிதாக வீடு கட்டுகிறவர் மரம் நட்டே ஆக வேண்டும் என்று அரசு விதி போடலாமா? கேட்டால் இந்தக் காலத்துச் சுற்றுச்சூழல் யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் "நிலம் உன்னுடையது, ஓரத்தில் மரமும் நீயே நடு" என்ற விதிக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. அதைப் போட்டவர்கள் நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள்.

நம் நாட்டில் சாலையோர மரம் என்றால் அசோகர் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தர ஆலமரங்கள் நடச் செய்ததாக ஏழாம் தூண் கல்வெட்டில் அவரே சொல்கிறார். தெற்கே ராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. இங்கெல்லாம் நட்டது அரசு. பக்கத்து நிலத்துக்காரருக்கு அதில் வேலை இல்லை.

பிரான்ஸில் கதை வேறு. 1552ல் இரண்டாம் ஹென்றி நெடுஞ்சாலை ஓரங்களில் எல்ம் மரம் நட ஆணையிட்டார். நிழல் மட்டும் நோக்கமல்ல, பீரங்கி வண்டிகளுக்கு மரம் தேவைப்பட்டது! பிறகு நெப்போலியன் காலத்தில், 1811 டிசம்பர் 16ல் வந்த ஆணைதான் சுவாரஸ்யம். சாலையை ஒட்டி நிலம் உள்ளவர் தன் எல்லைக்குள், ஓரத்துப் பள்ளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்டி மரம் நட வேண்டும். மரம் அவருக்கே சொந்தம், ஆனால் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. நடாவிட்டால் அரசு நட்டுச் செலவை வசூலிக்கும். மரத்துக்கு 1 பிராங்க் அபராதமும் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொரு பிரிவு. பட்டுப்போன மரத்துக்குப் பதிலாக வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் புதிது வைக்க வேண்டும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை மாதங்கள். கன்று வைக்க அதைவிட நல்ல சமயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆணை பிறந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை. 1793 முதல் 1816 வரை ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஊர் திரும்பக் கிடைத்த பிறகு 1826ல் தாவரவியல் பூங்காவை ஏற்படுத்தினார்கள். பெரோத்தே என்ற தாவரவியலாளர் அதை வளர்த்தார்.

ஆனால் நகரத் தெருக்களில் மரத்துக்கு இடம் எங்கே? 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் கட்டமான திட்டத்தின் மேல்தான் இன்றைய பழைய நகரம் நிற்கிறது. பிரெஞ்சுப் பகுதியில் வீட்டுச் சுவர் நேராகத் தெருவில் முடியும், மரம் மதிலுக்கு உள்ளே. தமிழர் பகுதியில் திண்ணை, அதற்கு வெளியே மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வெயிலில் நடந்து போகிறவர் அதன் கீழே ஒதுங்கிக் கொள்ளலாம். மரம் செய்யும் வேலையை வீடு கட்டியவரே கூரையால் செய்துவிட்டார். எந்தச் சட்டத்தையும்விட நாகரிகமான ஏற்பாடு என்பேன். வைசியாள் தெருவில் இந்த முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

புது வீடுகளில் தாழ்வாரம் போயிற்று. பதிலுக்கு மரமாவது வர வேண்டுமல்லவா? மத்திய அரசு 2016ல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் அதைத்தான் சொல்கின்றன. 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம், கட்டடத்தைச் சுற்றி விடும் காலி இடத்துக்குள். வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று நட வேண்டும்.

100 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊரில் வீடுகள் நெருங்கி நிற்கும். இரண்டு சென்ட் மனைக்காரருக்கு இந்த விதி பொருந்தாது. பெரிய மனைக்காரர் நட்டாலும் அது மதிலுக்குள் நிற்கும். ஆக, எந்தத் தெருவில் நிழல் அதிகம் தேவையோ அந்தத் தெருவுக்கு விதியால் ஒரு மரமும் வராது. சிங்கப்பூர் 1975ல் போட்ட பூங்கா மற்றும் மரங்கள் சட்டம் அரசுத் துறைகளையும் தனியார் கட்டுநர்களையும் சேர்த்தே மரத்துக்கு இடம் ஒதுக்க வைத்தது. சிறிய மனைகள் உள்ள தெருவில் அந்தப் பொறுப்பு பஞ்சாயத்துக்குத்தான் வர வேண்டும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். உப்புக்காற்றையும் மணலையும் தாங்குபவை புன்னையும் பூவரசும்தான். செங்கழுநீரம்மன் ஆடித் தேர் ஓடும் வீதியில் மட்டும் கிளை பரப்புவதை வைக்க முடியாது. தேருக்கு வழி வேண்டுமே! மற்ற தெருக்களில் புன்னை நிற்கலாம். அதன் விதை எண்ணெய் ஒரு காலத்தில் விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் பயன்பட்டது.