காப்பிக் காய்த்துளைப்பானும் வெப்பநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

காப்பித் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் சந்தை விலையையும், தொழிலாளர் குடிபெயர்வையும், 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயையும் விரிவாகப் பேசுவர். வெப்பநிலையைப் பற்றிய குறிப்பு அவற்றுள் அரிதாகவே இடம்பெறும். காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டின் பரவலை ஆராயும்போது, அவ்விடுபாடு எத்துணைப் பெரியது என்பதை நாம் உணர்கிறோம்.

பூச்சிகளின் வளர்ச்சி வேகத்தைப் பெரிதும் வரையறுப்பது சூழலின் வெப்பமே. இவ்வுண்மையைச் சோதனை வழி ஆராய்ந்தவர்களுள் முன்னோடி பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஆவார். 1730களில் அவர் கூட்டுப்புழுக்களைக் குளிர்ந்த நிலவறையிலும் வெப்பமூட்டப்பட்ட கண்ணாடி மனையிலும் வைத்து ஒப்பிட்டார். முட்டை வடிவக் கண்ணாடிக் கலத்துள் கூட்டுப்புழுவை இட்டு, அடைகாக்கும் கோழியின் கீழ் வைத்ததும் உண்டு. இன்று நகைப்பைத் தரினும் அது நேரிய சோதனையே. பட்டாம்பூச்சி உரிய காலத்திற்கு முன்பே வெளிவந்தது. பயிர் முதிர்வதற்கு வேண்டிய வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக் கணக்கிடும் முறையை 1735இல் முன்வைத்தவரும் அவரே. குறிப்பிட்ட ஓர் அளவிற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் என்பதும், அவ்வளவிற்கு மேற்பட்ட வெப்பத்தையே கூட்ட வேண்டும் என்பதும் பின்னர் வந்த திருத்தங்களாகும்.

காய்த்துளைப்பானை 1867இல் ஃபெராரி என்பவர் அறிவியல் முறைப்படி விவரித்தார். அவர் கண்டது தோட்டத்தில் அன்று; வணிகத்தில் வந்த காப்பிக் கொட்டைகளில். வண்டு எவ்வழியே உலகெங்கும் சென்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டரையும் எட்டாத பெண் வண்டு காயின் நுனியைத் துளைத்து, கொட்டையினுள் முட்டையிடுகிறது. உள்ளேயே உடன்பிறந்த ஆணோடு இணைந்த பின்னரே இளம் பெண் வண்டுகள் வெளியேறுகின்றன. ஆகவே ஒற்றைப் பெண் வண்டு புதியதொரு நாட்டை அடைந்தாலும் போதும். ஆப்பிரிக்காவிலிருந்து சாவகம், பிரேசில் எனப் பரவிய அது, 1990இல் நீலகிரி மாவட்டக் கூடலூரில் கண்டறியப்பட்டது.

மலாயாவில் கோலாலம்பூர் வேளாண் துறையின் பூச்சியியலாளர் கார்பெட் இவ்வண்டைப் பற்றிய தம் ஆய்வை 1933இல் வெளியிட்டார். தமிழர் உழைத்த பெருங்காப்பித் தோட்டங்கள் அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட விலை வீழ்ச்சியாலும் ரப்பரின் எழுச்சியாலும் மறைந்திருந்தன. எனவே அவ்வீழ்ச்சிக்கு இவ்வண்டைக் காரணமாக்குதல் பொருந்தாது. ஆயினும் எஞ்சிய சிறு தோட்டக்காரர்க்கு அது கொடிய பகையாயிற்று. மலாயாத் தாழ்நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்பது. வண்டின் பெருக்கத்தைத் தடுக்கும் குளிர்காலம் அங்கில்லை.

2009இல் ஹரமில்லோ முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான அளவுகளைத் தருகிறது. வண்டின் வளர்ச்சிக்குரிய கீழெல்லை 14.9 பாகை, மேலெல்லை 32 பாகை. இதனை ரெயோமூர் வழியில் கணக்கிட்டால், 20 பாகையில் ஒரு நாளுக்கு 5.1 பாகையே வளர்ச்சிக்குப் பயன்படுகிறது; 25 பாகையில் 10.1 பாகை. ஐந்து பாகை ஏறியதும் வளர்ச்சிக்கு ஆகும் காலம் ஏறத்தாழப் பாதியாகிறது. தலைமுறைகளும் அதற்கேற்பப் பெருகுகின்றன.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். அராபிக்காக் காப்பியை மலைமேல் பயிரிட்டோர் அச்செடியின் இயல்பையும் சுவையையும் கருதியே அவ்வாறு செய்தனர். அக்குளிர் வண்டிற்கும் தடையாயிற்று என்பது எவரும் திட்டமிடாத பயன். அத்தடை நிலையானதன்று. அராபிக்காவின் தாயகமாகிய தென்மேற்கு எத்தியோப்பியாவில் ஜிம்மா என்னும் ஊரின் 32 ஆண்டுக் காலநிலைப் பதிவுகளை அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 1984க்கு முன் அங்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை முழுமை பெறுவதற்கும் வெப்பம் போதவில்லை. அதன் பின்னர் ஒன்று முதல் இரண்டு தலைமுறைகளுக்குப் போதுமான வெப்பம் அங்கு கிடைத்துவருகிறது.