நூபியாவின் கிறிஸ்தவ இடிபாடுகள்

எகிப்தின் தென்பாலுள்ள அஸ்வானுக்கு அப்பால், பாலைநிலத்தை ஊடறுத்துப் பாயும் நைல் நதியின் இருமருங்கும் பரந்திருந்த நாடே நூபியா. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அங்கு நிலவிய நொபாதியா, மக்குரியா, அலோடியா என்னும் மூன்று அரசுகளும் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவின. பின்னர் நொபாதியா மக்குரியாவுடன் இணைந்தது. மக்குரியரின் தலைநகர் தொங்கோலா ஆகும்.

எகிப்தைக் கைப்பற்றிய அராபியர் 652இல் தொங்கோலாவை முற்றுகையிட்டனர். நூபிய வில்லாளரின் திறத்தால் நகர் வீழவில்லை. இதனையடுத்து உருவான ‘பக்த்’ என்னும் உடன்படிக்கை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. அது தந்த அமைதியிலேயே ஆலயங்களும் ஓவியங்களும் செழித்தன. ஆயினும், அவ்வமைதிக்கு ஈடாக ஆண்டுதோறும் 360 அடிமைகள் எகிப்துக்கு அனுப்பப்பட்டமை மறக்கற்பாலதன்று.

வடக்கே பாரஸ் நகரில் 707இல் ஆயர் பவுலோஸ் எழுப்பிய பேராலயத்தைக் காலப்போக்கில் மணல் நிரப்பி மூடிற்று. அம்மணலே அதன் சுவர்களுக்குக் காப்பாயிற்று. அஸ்வான் உயர் அணையின் நீர்த்தேக்கத்தில் அப்பகுதி அமிழவிருந்த வேளையில், மிகலோவ்ஸ்கி தலைமையிலான போலந்து அறிஞர் 1961 முதல் 1964 வரை அங்கு அகழ்வாராய்ச்சி நடத்தினர். 120க்கு மேற்பட்ட சுவரோவியங்கள் வெளிப்பட்டன. உதட்டில் விரல் வைத்த புனித அன்னாளும், புனித பேதுருவின் காவலில் நிற்கும் கருநிற ஆயர் பேத்ரோசும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவர்கள். பெயர்த்தெடுக்கப்பட்ட ஓவியங்களை வார்சோ, கார்ட்டூம் நகரங்களின் அரும்பொருளகங்கள் பகிர்ந்துகொண்டன. பாரஸ் நீரில் மூழ்கியது.

தொங்கோலாவின் வரலாறு வேறு வகையினது. அங்கு குன்றின்மேல் நின்ற மன்னரின் இருமாடிக் கொலுமண்டபம் 1317இல் பள்ளிவாசலாக மாற்றப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. 1969 வரை அது தொழுகைக்குரிய இடமாகவே விளங்கிற்று. சமயமாற்றம் பழைய கட்டடங்களுக்கு அழிவையே தரும் என்னும் பொதுக்கருத்து இங்கு பொருந்துவதன்று. மக்கள் தொடர்ந்து கூடித் தொழுதமையே மண்டபத்தைப் பாழடையாது பேணிற்று எனலாம்.

2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போரின்போது, கார்ட்டூம் தேசிய அரும்பொருளகம் சூறையாடப்பட்டது. ஆற்றுநீரிலிருந்து மீட்கப்பட்ட செல்வம் சேர்க்கப்பட்ட இடமே மனிதர் கையாற் சிதைவுற்றது. முன்னர் மணலும் மாற்றுச் சமயத்தாரின் வழிபாடும் தாமாகவே காத்தவற்றை இன்று மனிதர் அறிந்தே காத்தல் வேண்டும். தொல்பொருளை மீட்டல் ஒருமுறை செய்து முடிக்கத்தக்க பணியன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஏற்கவேண்டிய பொறுப்பு என்பதே நூபிய இடிபாடுகள் உணர்த்தும் உண்மையாகும்.