கோட்டைக்குள் ஐந்து மாதங்கள்

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ‘முகத்திமா’வின் பெருமையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறோம். மேற்குலகினர் அவரைச் சமூகவியலின் முன்னோடி என்று போற்றுவதை எடுத்துக்காட்டுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. அந்நூல் எத்தகைய நாட்களில் பிறந்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

கி.பி. 1332-இல் தூனிஸில் பிறந்தவர் அவர். 1348–49-இல் பரவிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோயிற்று. அதன்பின் கால் நூற்றாண்டு காலம் தூனிஸ், ஃபாஸ், கிரனாடா, பிஜாயா, திலிம்சான் என அரசவை மாறி அரசவை. இடையே ஃபாஸில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான சிறைவாசம். அவர் உலகைத் துறந்தவர் அல்லர். ஒரு சுல்தானை விட்டு மற்றொருவரை அண்டிய சந்தர்ப்பங்கள் அவர் வாழ்வில் பல.

1375-இல் திலிம்சான் சுல்தான் அவரைப் பாலைவனக் கோத்திரத்தாரிடம் தூது அனுப்பினார். இசைந்து புறப்பட்டவர், வழியிலேயே திசை திரும்பி அவ்லாத் ஆரிஃப் கோத்திரத்தாரிடம் அடைக்கலம் புகுந்தார். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு சலாமா என்னும் கோட்டையில் அவர்கள் அவருக்கு இடமளித்தனர். திலிம்சானிலிருந்து அவருடைய குடும்பத்தாரையும் வரவழைத்துக் கொடுத்தனர். தனிமை என்றால் கதவடைத்த அறை என்றே நாம் கருதுகிறோம். அவருக்கு வாய்த்த தனிமையோ மனைவி மக்களுடன், பிறர் தந்த பாதுகாப்பில் அமைந்தது.

அங்கேதான் ஹிஜ்ரி 779-இல் (கி.பி. 1377), ஐந்தே மாதங்களில், முகத்திமாவின் முதல் வடிவத்தை அவர் எழுதி முடித்தார். சொல்லும் பொருளும் மழையெனத் தம் சிந்தையில் பொழிந்து, கடைந்த வெண்ணெயாய்த் திரண்டதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்கிறார். ஆனால் அந்த மழைக்குரிய மேகங்கள் முன்பே திரண்டிருந்தன என்பது நம் கருத்து. பனூ இஸ்ராயீலர்களின் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்ற பழைய செய்தியை அவர் மறுக்கும் இடத்தைப் பாருங்கள். அத்தனை பேர் அணிவகுக்க நிலம் போதுமா? ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனையில் நடப்பது தெரியுமா? படைகளை நேரில் கண்டவரின் கேள்விகள் இவை. அரசுகள் எழுவதையும் சரிவதையும் ‘அஸபிய்யா’ என்னும் குலப்பிணைப்பைக் கொண்டு விளக்கியவர், அவற்றில் சிலவற்றின் உள்ளேயே வாழ்ந்து பார்த்தவர். இளமையில் தம்மை அநாதையாக்கிய கொள்ளைநோயையும் அவர் நூலில் மறக்கவில்லை. உலகமே மாறிப்போனதுபோல் தோன்றும் காலத்தில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய ஒருவர் வேண்டும் என்பதே, எழுதுவதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. இவ்வளவு ஆராய்ந்தும், பகுதிகள் பலவற்றை ‘அல்லாஹ்வே அறிந்தவன்’ என்ற பொருள்படவே முடிக்கிறார்.

நினைவிலிருந்து எழுதியவற்றைச் சரிபார்க்க நூல்கள் தேவைப்பட்டன. கோட்டையில் அவை இல்லை. ஆகவே 1378-இல் தூனிஸுக்குத் திரும்பினார். 1383-இல் கெய்ரோ சென்று, அங்கு மாலிகி மத்ஹபின் தலைமை காழியானார். 1384-இல் அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தாரைக் கப்பலோடு கடல் விழுங்கியது. அவர் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பினார். மீண்டும் பாடம் நடத்தினார். 1406-இல் வபாத்தாகும்வரை கெய்ரோவிலேயே வாழ்ந்தார். அந்த ஐந்து மாதங்களில் எழுதிய நூலை அங்கும் திருத்திக்கொண்டே இருந்தார்.