ஒரு கிராமம், ஒரே கேள்விகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அந்த ஆய்வுகள் 1918இல் நூலாயின. அங்கே பதிவான மிகக் கசப்பான உண்மை, படியாள் முறை. நிலக்காரரிடம் வாங்கிய கடனால் ஒருவர் அவரிடமே உழைக்கக் கட்டுண்டார். அடைபடாத கடன் பிள்ளைகள் தலையில் விழுந்தது. சோம்பலோ ஊதாரித்தனமோ வறுமைக்குக் காரணம் என்ற பேச்சுக்கு இது தக்க பதில். நிலம் ஒருவர் கையிலும் உழைப்பு மற்றொருவர் உடலிலும் இருந்ததால், கடன் விலங்காயிற்று. எனவே சமூகச் சிக்கலைத் தனிமனிதக் குறையாக அல்ல, உறவுகளின் அமைப்பாகவே காண வேண்டும்.

ஒரு கிராமம் தமிழகம் முழுமைக்கும் சான்றாகுமா என்று கேட்கலாம். ஆகாது, நெல் விளையும் ஊரின் கதை மானாவாரி ஊருக்குப் பொருந்தாது. ஆனால் இருவேல்பட்டின் பெருமை அதன் பொதுத்தன்மையில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. 1930களில் தொடங்கி 2008 வரை ஆய்வாளர்கள் அங்கே திரும்பத் திரும்பச் சென்றனர். அதனால்தான் மாற்றத்தின் வழி தெரிகிறது: படியாள் முறை மறைந்தது, பெருநிலக்காரரின் பிடி தளர்ந்தது, ஊருக்கு வெளியே கிடைத்த வேலை உழைப்பவருக்குப் பேரம் பேசும் வலிமை தந்தது. நில உடைமையில் ஏற்றத்தாழ்வோ நீடித்தது. காலம் தானாக எதையும் மாற்றிவிடவில்லை. மாற்று வழி திறந்த இடத்தில்தான் கட்டு அவிழ்ந்தது.