வயிற்றைக் கிழிக்காத ஆபரேஷன்

தேனி மாவட்டத்தின் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப்புகள் நிறைந்துவிடும். ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஏலக்காய் செடியின் அடியில், மண்ணையொட்டிய சரத்தில் காய்க்கிறது. நாளெல்லாம் குனிந்துதான் எடுக்க வேண்டும். அப்படி உழைக்கும் பெண்ணிடம் கர்ப்பப்பையை எடுக்கணும் என்றால், அவள் முதலில் கேட்பது, எத்தனை நாளில் மறுபடி வேலைக்குப் போகலாம் என்பதைத்தான்.

அதற்கான பதில் சுருங்கி வந்ததற்கு நீண்ட வரலாறு உண்டு.

1843-ல் மான்செஸ்டரில் சார்லஸ் க்ளே ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றினார். அவள் பிழைக்கவில்லை. மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. மயக்க மருந்து, கிருமி நீக்கம், ரத்தம் ஏற்றுதல் என ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே இது நம்பிப் படுக்கக்கூடிய சிகிச்சை ஆனது.

மலையடிவார ஊர்களுக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிதான். போடிக்கு 1928-லேயே ரயில் வந்துவிட்டது. மதுரையில் மருத்துவக் கல்லூரி 1954-ல் வந்தது. அங்கே கர்ப்பப்பையை எடுத்தால் அடிவயிற்றில் நீளத் தழும்பு, பல நாள் கட்டில், ஊர் திரும்பினாலும் ஆறு வாரம் தண்ணீர்க்குடம் தூக்கக்கூடாது.

வயிற்றுக்குள் பார்க்க உதவும் குழாய்க் கருவியான லேப்ராஸ்கோப் நம் கிராமங்களை எட்டியது வேறொரு வேலைக்காக. 1980-களின் குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில், சிறு துளை வழியே கருக்குழாயில் வளையம் மாட்ட அது பயன்பட்டது. அதே கருவியால் கர்ப்பப்பையையே எடுக்கலாம் என்று 1988 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரைக் செய்து காட்டினார். வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். மூன்று நான்கு துளைகளில் கேமராவும் கருவிகளும் நுழையும். ரத்தக்குழாய்களைச் சூட்டால் அடைத்து, விடுவித்த கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாகவே வெளியே எடுப்பார்கள்.

இந்தியாவில் 1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பால் பித்தப்பையை அகற்றினார். கோவையில் சி. பழனிவேலு போன்றோர் அந்தக் கலையைத் தமிழ்நாட்டில் வளர்த்தார்கள். 2004-ல் தேனிக்கே, க.விலக்கில், அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2009-ல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய சிகிச்சைகளின் கதவைத் திறந்தது.

காயம் சிறுத்ததால் முடிவும் சிறிதாகிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை இழந்தது 2019-ல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதிக ரத்தப்போக்குக்கும் சில வகைக் கட்டிகளுக்கும் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோ போதுமானதாக இருக்கலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் முன்கூட்டியே வரும், எலும்பும் தேயும்.

ஜீப் ஏறும் பெண்ணுக்கு இன்றைய பதில் இது: சில நாளில் வீட்டுக்குள் நடமாடலாம், இரண்டு மூன்று வாரத்தில் இலேசான வேலை பார்க்கலாம். வயிற்றுத் துளைகள் அதற்குள் ஆறிவிடும். கர்ப்பப்பை இருந்த இடத்தில் உள்ளே போட்ட தையல் ஆற ஆறு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை ஏலக்காய் மூட்டையைத் தொடக்கூடாது.